பிளம்பர் வேலையிலிருந்து கேஸ் வேலைக்கு: பிரிட்டனில் தகுதிபெற்ற கேஸ் இன்ஸ்டாலர் ஆக என்ன வேண்டும்?

சில மாதங்களுக்கு முன் ஒரு தாயார் நம்மிடம் ஆலோசனை கேட்டு வந்தார். அவருடைய மகன் லண்டனில் ஒன்பது ஆண்டுகளாக பிளம்பர் வேலை பார்க்கிறார். "ஹஜ்ரத், ஐந்தே வாரத்தில் கேஸ் கார்டு வாங்கித் தருவதாக ஒரு பயிற்சி நிலையத்தில் சொல்கிறார்களாம். பல ஆயிரம் பவுண்ட் கேட்கிறார்கள். நகையை விற்று அனுப்பலாமா?" என்றார்.

நாம் மதரஸாவில் ஓதி, கல்லூரியில் கலைப் பாடம் படித்தவர்கள். குழாய் வேலை தெரியாது. ஆகவே உடனே பதில் சொல்லவில்லை. அந்தத் தொழிலில் உள்ள சகோதரர்களிடம் கேட்டோம். அந்நாட்டு விதிமுறைகளையும் தேடிப் படித்தோம். பிரிட்டனில் பிளம்பராக, எலக்ட்ரீஷியனாக, ஏ.சி. மெக்கானிக்காக உழைக்கும் நம் பிள்ளைகள் பலருக்கு இதே கேள்வி இருப்பதால், தெரிந்துகொண்டதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

இவ்வளவு கெடுபிடி ஏன்?

1968 மே 16. கிழக்கு லண்டனின் நியூஹாம் பகுதியில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பு. மக்கள் குடியேறி இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. அதிகாலையில் 18ஆம் மாடியில் ஒரு பெண்மணி தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்தார். இரவெல்லாம் கசிந்து தேங்கியிருந்த கேஸ் வெடித்தது. வீட்டுச் சுவர் வெளியே தள்ளப்பட்டு, கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நான்கு பேர் உயிரிழந்தார்கள். 17 பேர் காயமடைந்தார்கள்.

கட்டடத்தின் அமைப்பே பலவீனமாக இருந்தது என்பது பின்னர் தெரியவந்தது. ஆனால் வெடிப்புக்குக் காரணம் அடுப்புக்குச் செல்லும் குழாயை இணைத்த ஒரு பித்தளை நட்டு. அது தரமற்றதாக இருந்து, உடைந்துபோயிருந்தது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு நட்டு!

அதன் பிறகு 1970இல் கேஸ் இன்ஸ்டாலர்களுக்கான 'கார்கி' என்ற பதிவேடு தொடங்கியது. முதலில் விருப்பமுள்ளவர்கள் மட்டும் சேர்ந்தார்கள். 1991இல் பதிவு கட்டாயமானது. 2009 ஏப்ரல் 1 முதல் கார்கியின் இடத்தில் 'கேஸ் சேஃப் ரெஜிஸ்டர்' என்ற பதிவேடு நடைமுறையில் உள்ளது. இன்று நியூஹாமில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழ்கின்றன. அவர்கள் வீட்டு பாய்லரில் கை வைக்க வருபவரிடம் கார்டு கேட்கும் வழக்கத்தின் பின்னால் அந்த அதிகாலையும் இருக்கிறது.

சட்டம் சொல்வது

1998ஆம் ஆண்டின் கேஸ் பாதுகாப்பு விதிகளின்படி, கேஸ் வேலை செய்பவர் அதற்குரிய தகுதி உள்ளவராக இருக்க வேண்டும். அதைத் தொழிலாகச் செய்யும் நிறுவனமோ தனிநபரோ பதிவேட்டில் இருக்க வேண்டும். பதிவில்லாமல் செய்தால் அபராதமும் உண்டு, சிறையும் உண்டு.

கேஸ் சேஃப் கார்டில் புகைப்படம், உரிம எண், காலாவதித் தேதி ஆகியவை இருக்கும். பலர் முன்பக்கத்தைப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள். கார்டின் பின்பக்கம்தான் முக்கியம். அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்பது அங்கேதான் அச்சிடப்பட்டிருக்கும். அடுப்புக்கு மட்டும் தேர்ச்சி பெற்றவர் பாய்லரைத் தொடக்கூடாது. வீட்டு வேலைக்குத் தகுதி பெற்றவர் உணவகத்தின் பெரிய அடுப்புகளைத் தொடக்கூடாது. அதற்குத் தனித் தேர்வு இருக்கிறது.

பழைய தொழில் எவ்வளவு உதவும்?

பிளம்பருக்குச் செப்புக் குழாயை அளந்து வெட்டவும், வளைக்கவும், சால்டரிங் செய்யவும் தெரியும். எலக்ட்ரீஷியனுக்கு வயரிங் படம் படிக்கவும், மின்சாரத்தைப் பாதுகாப்பாகத் துண்டித்துவிட்டுப் பழுதைக் கண்டுபிடிக்கவும் தெரியும். இன்றைய பாய்லருக்குள் பாதி வேலை அதுதான். வளைகுடாவில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டு பிரிட்டன் சென்றவருக்கு பிரேஸிங்கும் அழுத்தமானியும் பழக்கம். தொடர்புடைய தொழிலில் இருந்து வருபவர் என்று கருதப்படுவதால், எதுவும் தெரியாமல் வருபவரைவிட இவர்களுக்குப் பயிற்சிக் காலம் குறையும். ஆனால் அனுபவத்தை எழுத்தில் நிரூபிக்க வேண்டும். வேறு நாட்டில் பெற்ற சான்றிதழைக் காட்டி நேராகக் கார்டு வாங்க முடியாது.

கைத்திறன் கூடவே வரும், சரி. ஆனால் பழைய பழக்கமும் கூடவே வருமே! ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

தண்ணீர்க் குழாயில் கசிவு இருந்தால் தரை நனையும். யார் கண்ணுக்கும் தெரியும். துணியை வைத்துவிட்டு நாளை வந்து சரிசெய்யலாம். கேஸ் அப்படிக் காட்டிக்கொடுக்காது. வாசனைக்காக அதில் ஒரு பொருள் கலக்கப்படுகிறது என்றாலும், தூங்குபவரின் மூக்கை நம்பியிருக்க முடியுமா? காற்றில் சுமார் 5 முதல் 15 சதவீதம் வரை இயற்கை எரிவாயு கலந்துவிட்டால் ஒரு பொறி போதும்.

அழுத்தத்திலும் வித்தியாசம் இருக்கிறது. தெருக்குழாய்த் தண்ணீர் வீட்டுக்குள் ஒரு பார், அதற்கு மேற்பட்ட அழுத்தத்தில் வரும். கேஸ் மீட்டரிலிருந்து வெளிவருவது வெறும் 21 மில்லிபார். ஏறக்குறைய ஒரு சாண் உயரத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம்தான் அது. மீட்டரிலிருந்து பாய்லர் வரை போவதற்குள் அதில் ஒரு மில்லிபாருக்கு மேல் குறையக்கூடாது. எனவே குழாயின் விட்டம், நீளம், வழியில் உள்ள ஒவ்வொரு எல்போவும் கணக்கில் வர வேண்டும். தண்ணீர் வேலையில் 15 மில்லிமீட்டர் குழாய் போட்டுப் பழகியவர் அதே பழக்கத்தில் பெரிய பாய்லருக்கும் போட்டுவிட்டால், பாய்லருக்குத் தேவையான கேஸ் போய்ச் சேராது, எரிதலும் கெடும்.

பயிற்சியின் படிகள்

முதல் படி, வகுப்பறையும் பட்டறையும். சட்டம், எரிதல், காற்றோட்டம், புகைக்குழாய், குழாய் அமைப்பு, சோதனை முறைகள், அவசர நேரத்தில் செய்ய வேண்டியவை ஆகியவற்றை இங்கே கற்கிறார்கள்.

இரண்டாம் படி, களப்பயிற்சி. பதிவுபெற்ற ஒரு கேஸ் இன்ஜினியரின் மேற்பார்வையில் உண்மையான வீடுகளில் வேலை செய்து, ஒவ்வொன்றையும் புகைப்படத்தோடும் அளவுகளோடும் அவருடைய கையெழுத்தோடும் ஒரு கோப்பாகத் தொகுக்க வேண்டும். இதை 'போர்ட்ஃபோலியோ' என்கிறார்கள். இந்தக் காலத்தில் தனியாக கேஸ் வேலை எடுக்க அனுமதி இல்லை.

மூன்றாம் படி, 'ஏ.சி.எஸ்.' எனப்படும் சான்றளிப்புத் தேர்வு. எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு. வீட்டு வேலைக்கு அடிப்படையானது 'சி.சி.என். 1'. அதில் தேறாமல் மற்றவை செல்லாது. அதனுடன் பாய்லருக்கும் வெந்நீர்க் கருவிக்கும் 'சென்வாட்', அடுப்புக்கு 'சி.கே.ஆர். 1', கேஸ் ஹீட்டருக்கு 'எச்.டி.ஆர். 1', மீட்டருக்கு 'மெட் 1' எனத் தனித்தனித் தேர்வுகள் இருக்கின்றன.

நான்காம் படி, கேஸ் சேஃப் பதிவு. தேர்வில் தேறியதாலேயே வேலை எடுத்துவிட முடியாது. பதிவான பிறகுதான் வேலை. பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். செய்த வேலையை ஆய்வாளர்கள் வந்து பார்ப்பார்கள். ஏ.சி.எஸ். தேர்வுகளை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் எழுத வேண்டும்.

பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு வேறு வழி உண்டு. ஒரு நிறுவனத்தில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து சம்பளம் வாங்கிக்கொண்டே படிக்கலாம். இங்கிலாந்தில் பிளம்பிங்கும் ஹீட்டிங்கும் சேர்ந்த அப்ரண்டிஸ் படிப்பு ஏறக்குறைய 4 ஆண்டுகள். வயது இருக்கும் பிள்ளைக்கு இதுவே சிறந்தது என்று தொழிலில் உள்ளவர்கள் சொல்கிறார்கள்.

அங்கே உண்மையில் எதைக் கற்கிறார்கள்?

குழாயை இணைப்பதைவிட, இணைத்தது சரிதான் என்று நிரூபிப்பதே இந்தப் படிப்பின் பெரும்பகுதி. கசிவுச் சோதனையையே பாருங்கள்.

முதலில் மீட்டர் அருகே உள்ள அவசர வால்வை அடைக்கிறார்கள். குழாயில் 7 முதல் 10 மில்லிபார் வரை அழுத்தம் வைத்து ஒரு நிமிடம் அழுத்தமானியைப் பார்க்கிறார்கள். ஏறினால் வால்வே சரியாக அடைபடவில்லை என்று பொருள். அது சரி என்றால் அழுத்தத்தை 20 முதல் 21 மில்லிபாருக்கு ஏற்றி, வெப்பநிலை சமன்பட ஒரு நிமிடம் காத்திருக்கிறார்கள். பிறகு இரண்டு நிமிடங்கள் அளவைக் கவனிக்கிறார்கள். கருவிகள் இணைக்காத புதுக் குழாயாக இருந்தால் துளியும் இறங்கக்கூடாது. கருவிகள் இணைந்த பழைய அமைப்பில் மிகச் சிறிய இறக்கத்துக்கு மட்டும் வரம்பு வைத்து அனுமதி உண்டு. அதுவும் கேஸ் வாசனை வரக்கூடாது என்ற நிபந்தனையோடு. நான்கு நிமிட வேலைதான். அவசரத்தில் இதைத் தவிர்ப்பவர் இந்தத் தொழிலுக்கு ஆகமாட்டார்.

அடுத்தது எரிதல். கேஸ் முழுமையாக எரிய அதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு காற்று வேண்டும். காற்று குறைந்தால் கார்பன் மோனாக்சைடு உருவாகும். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. தலைவலி, மயக்கம், குமட்டல், மூச்சுத்திணறல் என்று சாதாரணக் காய்ச்சல் போலத்தான் தொடங்கும். குளிருக்குப் பயந்து ஜன்னலையும் காற்றுத் துவாரத்தையும் அடைத்துவைக்கும் வீடுகளில் இந்த ஆபத்து அதிகம்.

அறைக்குள்ளிருந்தே காற்றை இழுத்து, புகையைக் குழாய் வழியே வெளியேற்றும் கருவிக்கு, முதல் 7 கிலோவாட்டுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 5 சதுர சென்டிமீட்டர் நிரந்தரக் காற்றுத் துவாரம் வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். 15 கிலோவாட் கருவி என்றால் 40 சதுர சென்டிமீட்டர். உள்ளங்கையைவிடச் சிறிய துவாரம். அதை யாரோ காகிதம் ஒட்டி அடைத்திருக்கிறார்களா என்று பார்ப்பதும் இன்ஸ்டாலரின் கடமை.

கடைசியாக, மறுக்கக் கற்பது. ஒரு கருவியைப் பரிசோதிக்கும்போது அது உடனடி ஆபத்து உள்ளதா, ஆபத்து நேரக்கூடியதா என்று தரம் பிரிக்க வேண்டும். உடனடி ஆபத்து என்றால் வீட்டுக்காரரின் சம்மதத்தோடு இணைப்பைத் துண்டித்து எச்சரிக்கை அட்டை ஒட்ட வேண்டும். அவர் சம்மதிக்காவிட்டால் கேஸ் அவசரச் சேவைக்குத் தகவல் கொடுக்க வேண்டும். வெளியே கடுங்குளிர், வீட்டில் கைக்குழந்தை, "இன்றிரவு மட்டும் ஓடட்டுமே தம்பி" என்று வீட்டுக்காரர் கெஞ்சுகிறார். அந்த நேரத்தில் முடியாது என்று சொல்வது குழாய் வளைப்பதைவிடக் கடினம்.

இதனால்தான் களப்பயிற்சியைத் தவிர்க்க முடியாது என்கிறோம். மதரஸாவில் கிதாபைத் தனியாகப் படித்துவிட்டு யாரும் ஸனது வாங்குவதில்லை. உஸ்தாது முன் அமர்ந்து ஓதிக்காட்டி, அவர் திருத்தி, பிறகுதான் கிடைக்கும். இதுவும் அப்படித்தான்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

ஒன்று: களப்பயிற்சிக்குப் பதிவுபெற்ற இன்ஜினியரை யார் ஏற்பாடு செய்வது? பயிற்சி நிலையமா, நாமா? நிலையம் என்றால் எழுத்தில் தருவார்களா? பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். வகுப்பு சில வாரங்களில் முடிந்துவிடும். பிறகு கூட்டிச் செல்ல யாரும் இல்லாமல் கோப்பு காலியாகவே கிடக்கும். கட்டிய பணமும் முடங்கும்.

இரண்டு: கட்டணத்தில் எந்தெந்தத் தேர்வுகள் அடக்கம்? பாய்லர் தேர்வு இருக்கிறதா? தவறினால் மறுதேர்வுக்கு எவ்வளவு?

மூன்று: அந்த நிலையம் ஏ.சி.எஸ். தேர்வு நடத்த அங்கீகாரம் பெற்றதா? எந்தச் சான்றளிப்பு அமைப்பின் கீழ்? பெயரைக் கேட்டு, அந்த அமைப்பிடமே விசாரித்துக்கொள்ளுங்கள்.

நான்கு: கோப்பை முடிக்க எவ்வளவு காலம் தருகிறார்கள்? இடையில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?

ஐந்து: படிப்புக்கு அப்பால் உள்ள செலவைக் கணக்கிட்டீர்களா? பதிவுக் கட்டணம், அழுத்தமானி, புகையை ஆராயும் கருவி, அதை ஆண்டுதோறும் சரிபார்க்கும் செலவு, காப்பீடு, வேன் எல்லாம் தனி. சில நிலையங்கள் கட்டணத்தைத் தவணைக் கடனாக எழுதி வாங்குகின்றன. அதில் வட்டி இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை.

எதிர்காலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். புதிய வீடுகளில் கேஸ் பாய்லருக்குப் பதிலாக ஹீட் பம்ப் வைக்கும் திசையில் பிரிட்டன் நகர்கிறது. ஆனால் கோடிக்கணக்கான வீடுகளில் கேஸ் பாய்லர்தான் இன்றும் ஓடுகிறது. அவற்றைப் பராமரிக்க ஆள் வேண்டும். கேஸ் தகுதியை முடித்த பிறகு ஹீட் பம்ப் பயிற்சியையும் சேர்த்துக்கொள்பவருக்கு இரண்டு பக்கமும் வேலை இருக்கும். ஏ.சி. வேலை தெரிந்தவருக்கு அது இன்னும் எளிது.

தெரிந்தவர் என்பதால் விட்டுவிடாதீர்கள்

பயிற்சியில் இருக்கும்போதே நம் ஆட்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். "மாமா வீட்டு பாய்லர்தானே, பார்த்துக் கொடு, கையில் காசு தருகிறேன்" என்பார்கள். உறவுக்காகச் செய்தாலும் பணத்துக்காகச் செய்தாலும், பதிவில்லாமல் அது குற்றமே. பிடிபட்டால் இத்தனை ஆண்டு உழைப்பும் வீண். பிடிபடாவிட்டால் அதைவிட மோசம். அந்த வீட்டில் தூங்குபவர்களின் உயிர் நம் அமானிதமாகிவிடுகிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்கிறோம். வருபவர் நம்மவராக இருந்தாலும் கார்டின் இரண்டு பக்கங்களையும் பாருங்கள். அடுப்பின் சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிகிறதா, கருவியைச் சுற்றிக் கரி படிகிறதா, ஜன்னலில் வழக்கத்தைவிட அதிகமாக நீர் கோர்க்கிறதா என்று கவனியுங்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்து, வெளியே போனால் சரியாகிறது என்றால் கருவிகளை அணைத்துவிட்டு, ஜன்னல்களைத் திறந்து, எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள். உடனே அவசரச் சேவையையும் மருத்துவரையும் அழையுங்கள்.

வாடகை வீட்டில் இருந்தால், உரிமையாளர் ஆண்டுக்கு ஒருமுறை பதிவுபெற்றவரைக் கொண்டு கேஸ் சோதனை செய்து, 28 நாட்களுக்குள் அதன் நகலைத் தர வேண்டும் என்பது சட்டம். கேட்கத் தயங்க வேண்டாம். வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் நம் சகோதரர்களுக்கும் இதே கடமை உண்டு. 2022 அக்டோபர் முதல் இங்கிலாந்தில், அடுப்பு நீங்கலாக, கேஸ் பாய்லர் போன்ற நிலையான எரிகருவி உள்ள வசிப்பறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பதும் உரிமையாளரின் பொறுப்பு.

அந்தத் தாயாருக்கு நாம் சொன்னது

நகையை விற்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. முதல் கேள்விக்கு மட்டும் பதில் வாங்கிவரச் சொன்னோம். மகன் கேட்டிருக்கிறார். "களப்பயிற்சியை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று பதில் வந்தது. ஐந்து வாரம் என்று அவர்கள் சொன்னது வகுப்பறைக்கு மட்டும்தான்.

அவர் அங்கே சேரவில்லை. தான் பிளம்பிங் வேலை எடுத்துச் செய்யும் ஒரு ஹீட்டிங் காண்டிராக்டரிடமே போய்க் கேட்டார். வாரத்தில் இரண்டு நாட்கள் குறைந்த கூலிக்குத் தம்முடன் வரட்டும், கோப்பில் தாமே கையெழுத்திடுகிறேன் என்று அவர் ஒப்புக்கொண்டார். அதன் பிறகுதான் வேறொரு நிலையத்தில் பணம் கட்டினார். பாதி நகை தப்பியது. கோப்பு இப்போது பாதிக்கு மேல் நிறைந்திருக்கிறது என்று தாயார் சொன்னார். இன்ஷா அல்லாஹ், அடுத்த குளிர்காலத்துக்குள் தேர்வு எழுதுவார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், பயிற்சி நிலையத்தைத் தேடும் முன் கற்றுத்தரும் இன்ஜினியரைத் தேடச் சொல்லுங்கள். அவர் கிடைத்துவிட்டால் மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக வரும்.